சாடியில் அரசமரம்: போன்சாயும் உயிர்க்கடனும்

போன்சாய் என்று தனியாக ஒரு மரச்சாதி கிடையாது. ஆல், அரசு, இத்தி, புளி என எந்த மரமும் ஆழங்குறைந்த சாடியில் வேரும் கிளையும் அளவோடு வெட்டப்பட்டுப் பல ஆண்டு பேணப்பட்டால் போன்சாயாகிவிடும். அதே மரத்தைச் சாடியிலிருந்து இறக்கி நிலத்தில் நட்டால் அடங்கியிருந்த வளர்ச்சி மறுபடி தொடங்கும். சீனாவில் 706ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தாங் இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், கல்லும் சிறுமரமும் வைத்த தட்டை ஒரு பணியாள் ஏந்திச் செல்கிறார். கலை அங்கே பிறந்து ஜப்பானில் இன்றைய வடிவத்தைப் பெற்றது. அங்கிருந்து உலகெங்கும் பரவி, கொழும்பின் தொடர்மாடிப் பல்கனிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கலையைத் தொடங்குகிற எவருக்கும் இரண்டு கேள்விகள் எழும். எந்த மண்ணில் வைப்பது என்பது ஒன்று. வானளாவ வளரக்கூடிய உயிரை ஒரு கையகல மண்ணில் அடைத்து வைப்பது முறையா என்பது மற்றது. முதலாவதைத் தோட்டக்கலைக் கேள்வி என்றும் இரண்டாவதைச் சமயக் கேள்வி என்றும் பிரித்துவைப்பது வழக்கம். ஆனால் இரண்டாவதற்கான விடை முதலாவதற்குள்ளேதான் இருக்கிறது.

கொழும்பின் வெள்ளவத்தையில் இந்த இரண்டாவது கேள்வி, தானே முளைத்த அரசங்கன்று ஒன்றாலும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. காகமும் மைனாவும் கொண்டைக்குருவியும் அரசம்பழத்தைத் தின்று எச்சமிடும் இடங்களிலெல்லாம் விதை விழுகிறது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய மதிலின் வெடிப்பு, மொட்டைமாடி விளிம்பு, பீலியின் மூலை, குழாய் மூட்டு எதுவானாலும் அதற்குப் போதும். இரண்டு மழைக்குள் இதய வடிவ இலை நான்கைந்து விரிந்துவிடும். விட்டுவைத்தால் வேர் சுவரைப் பிளக்கும். பிடுங்கவோ கை வராது. தமிழ் வீட்டுக்கு அது பிள்ளையார் குடியிருக்கும் மரம், சிங்கள அயலவருக்கு அது போதி. இந்த இக்கட்டில் பலர் கண்டிருக்கும் வழி, சுவரை நனைத்து வேரை மெல்ல உருவி எடுத்துச் சாடியில் வைப்பது. சாடியில் வைத்த பிறகுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது.

மரத்துக்கு உயிர் உண்டா என்பதில் தமிழ் மரபுக்கு ஐயம் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் படியில் வரிசைப்படுத்தும்போது, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிராக முதற்படியில் வைக்கிறது. சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் உயிர்கள் எடுக்கும் பிறவியை நால்வகைத் தோற்றமாகவும் எண்பத்துநான்கு இலட்சம் யோனி பேதங்களாகவும் விரிக்கிறது. பழைய பாடலொன்றின் கணக்குப்படி அவற்றுள் இருபது இலட்சம் தாவரம். அப்படியானால் மதில் வெடிப்பில் நிற்கும் கன்றும் வினைக்கேற்ற உடம்பெடுத்து வந்த ஓர் ஆன்மாதான். மனிதனுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு கருவிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆன்மா என்ற நிலையில் இரண்டும் ஒன்றே.

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கத்தரிக்கோலைத் தொடவே முடியாது. ஆனால் அதே மரபு கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரப்படை. கோயிற் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கி எடுப்பதே அவர் செய்த திருத்தொண்டு. இன்றும் கோபுரத்தில் முளைக்கும் அரசை எடுக்காமல் திருப்பணி தொடங்குவதில்லை. பூசைக்குப் பத்திரமும் பூவும் பறிப்பதும் செடியை வருத்துவதுதான். ஆகவே அதற்கு வரம்பு வைத்தார்கள். அமாவாசை, மாதப்பிறப்பு போன்ற நாள்களில் வில்வம் பறிக்கலாகாது என்ற விதி இன்றும் சைவ வீடுகளில் பின்பற்றப்படுகிறது. பறிப்பவன் தன் வசதிக்குப் பறிக்கவில்லை என்பதை அவனுக்கே நினைவூட்டுவது அந்த வரம்பு.

பௌத்த மரபில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. பிக்குகளுக்கான பாசித்திய விதிகளுள் பதினோராவது, உயிருள்ள தாவரத்தைச் சிதைப்பதைக் குற்றமாக்குகிறது. அதன் தோற்றக் கதை ஆளவி என்னும் ஊரில் நிகழ்கிறது. மரம் வெட்டிய பிக்கு ஒருவரின் கோடரி, அம்மரத்தில் குடியிருந்த தேவதையின் பிள்ளைமீது பட்டுவிடுகிறது. ஊராரும் பிக்குகள் ஓரறிவுயிரை வதைப்பதாகக் குறை கூறுகிறார்கள். தொல்காப்பியம் வகுத்த அதே படிநிலை இங்கே பாளியில் கேட்கிறது. ஆயினும் பிற்காலத்துத் தேரவாத உரையாசிரியர்கள் போதிமரத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விலக்குத் தருகிறார்கள். மரத்தின் சத்தை உறிஞ்சும் கிளையையும் அழுகிய பகுதியையும் வெட்டலாம் என்கிறார்கள். புத்தரின் திருமேனியைப் பேணுவதுபோல் அதில் புண்ணியமும் உண்டு என்பது அவர்கள் கருத்து. வெட்டு ஒன்றுதான். யாருக்காக வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து அது பாவமாகவோ பணிவிடையாகவோ ஆகிறது.

போதிமரம் இலங்கைக்கு வந்ததே ஒரு சாடியில்தான். மகாவம்சம் சொல்லும் வரலாறு போன்சாய் வளர்ப்போர் ஊன்றிப் படிக்க வேண்டியது. போதியை ஆயுதத்தால் வெட்டலாகாது என்பதால் அசோக மன்னன் கிளையில் மனோசிலை என்னும் செங்கனிமத்தால் ஒரு கோடு வரைகிறான். கிளை அங்கே தானே பிரிந்து, பொற்சாடியில் நிறைத்திருந்த நறுமண மண்ணுக்கு மேல் நிற்கிறது. முதற்கோட்டுக்கு மேலே மூன்று விரல் இடைவெளிவிட்டு மேலும் பத்துக் கோடுகள் வரைய, கோடுகளிலிருந்து வேர் இறங்கி அம்மண்ணில் நிலைகொள்கிறது. சாடிக்கு ஒன்பது முழச் சுற்றளவும் ஐந்து முழ ஆழமும் சொல்லப்படுகின்றன. அசோகனின் மகள் சங்கமித்தை அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஜம்புகோளத் துறை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாதகலை அடுத்த சம்பில்துறை எனக் கொள்ளப்படுகிறது. அற்புதமாகச் சொல்லப்பட்ட இந்நிகழ்ச்சியை, கிளையில் வேர்விட வைத்துப் புதுமரமாக்கும் முறையின் நினைவாகவும் வாசிக்க இடமுண்டு. எப்படி வாசித்தாலும், அந்தக் கதையில் வெட்டுவதற்கு முன்பே மண் ஆயத்தமாக இருக்கிறது.

சாடி மரத்தைப் பற்றிய அறத்தின் மையம் இங்கேதான். உயிருக்கு இறைவன் தருவனவாகச் சித்தாந்தம் நான்கைக் கூறுகிறது: தனு, கரணம், புவனம், போகம். அதாவது உடம்பு, கருவிகள், வாழும் இடம், நுகர்ச்சி. நிலத்தில் நிற்கும் மரத்துக்குப் புவனம் பரந்து கிடக்கிறது. ஒரு பக்கம் வறண்டால் வேர் மறுபக்கம் போகும், மேலே ஈரமில்லையென்றால் ஆழத்தில் தேடும். சாடி மரத்துக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. அதன் புவனத்தை, கொத்துக் கணக்கில் அளந்து, ஒரு மனிதன் கலந்து வைத்திருக்கிறான். அந்த மண் பிழையானால் மரத்துக்கு வேறு போக்கிடமில்லை. போன்சாயில் வெட்டைவிட மண்ணே பெரிய தீங்கு செய்யக்கூடியது என்பதற்குக் காரணமும் இதுவே. வெட்டுக்காயம் ஆறும், மூச்சடைத்த வேர் ஆறாது.

தொடங்குபவர் செய்யும் முதற்பிழை, தோட்டத்து மண்ணை அப்படியே சாடியில் நிரப்புவது. நிலத்தில் நல்ல மண்ணாக இருப்பது சாடியில் சேறாகிவிடும். நிலத்தின் நீர் ஆழத்துக்கு இழுபட்டுப் போகும். சாடியில் அடித்துளைக்கு மேலே, மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்துத் தொங்கவிடுகின்றன. அந்த நீர்ப்படலத்தின் உயரம் துகளின் பருமனைப் பொறுத்தது, சாடியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. ஆழமான சாடியில் அது அடிப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டு அங்குலச் சாடியில் பொடிமண் போட்டால் ஏறக்குறைய முழுச் சாடியும் எந்நேரமும் நனைந்தே கிடக்கும். காற்றில்லாத இடத்தில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அடியில் சல்லி பரப்பினால் நீர் வடியும் என்பது தவறான நம்பிக்கை. பொடிமண்ணிலிருந்து நீர் சல்லிக்கு எளிதில் இறங்காது. நனைந்த படலம் சல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கி வருவதே மிச்சம். தீர்வு, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான பருமனான துகள்களைப் பயன்படுத்துவது.

ஜப்பானியர் இதற்குச் சுட்டது போன்ற ஒருவகை எரிமலைக் களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். கொழும்பில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாகச் சுட்ட செங்கல்லும் கூரை ஓடும் அதே வேலையைச் செய்யும். அவற்றின் நுண்துளைகள் நீரைத் தமக்குள் வைத்திருக்கும், துண்டுகளின் இடையே காற்று நிற்கும். வெள்ளவத்தையில் பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடி எழும் இடங்களில் இந்தப் பொருள் குவிந்து கிடக்கிறது. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் சீமெந்தையும் தட்டி எடுத்துவிட வேண்டும். அவை மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளி இலையை வெளிற வைக்கும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தபின் இரண்டு அரிதட்டுகள் வேண்டும். ஆறு மில்லிமீற்றர் அரிதட்டில் விழுவதை இரண்டு மில்லிமீற்றர் அரிதட்டில் இட்டு மறுபடி அரித்து, கீழே விழும் தூளை ஒதுக்கிவிட்டு மேலே தங்குவதை மட்டும் கழுவி எடுக்க வேண்டும். இந்த வேலையில் அலுப்புப்படுகிறவர்கள் தூளையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். முதல் மழைக்காலத்தில் அந்தத் தூள் அடியில் படிந்து களிமண்போல் அடைத்துக்கொள்கிறது.

இத்தி, அரசு வகைகளுக்குக் கொழும்பில் ஒத்துவரக்கூடிய கலவை: செங்கல் துண்டு மூன்று பங்கு, கழுவிய பரும் ஆற்றுமணலோ பொடிக் கருங்கற் சல்லியோ இரண்டு பங்கு, தும்புத்தூளும் நன்கு மக்கிய கூட்டெருவும் சேர்ந்து ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் ஒரு பிடி சேர்க்கலாம். தும்புத்தூளை இரண்டு மூன்று தடவை நன்னீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். கடலோர நீர்நிலைகளில் ஊறிய மட்டையிலிருந்து வருவதில் உப்பு இருக்கும். வீட்டுக்கு எதிரேயே கடல் இருக்கிறதென்று அங்கிருந்து மணல் அள்ளி வருவது மரத்தைக் கொல்லும் நேர்வழி. சாடித்துளைமேல் பிளாஸ்டிக் வலை வைத்து, அதனூடாகக் கம்பி செலுத்தி மரத்தை அடியோடு கட்டிவிடுவது கடற்காற்றடிக்கும் பல்கனியில் கட்டாயம். ஆடும் மரத்தில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். கலவையை வேர்களின் இடுக்குகளில் மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும், கையால் அமுக்கலாகாது. எல்லாம் முடிந்து தண்ணீர் ஊற்றினால் சில விநாடிகளில் அடியில் வடிய வேண்டும். மேலே குளமாக நின்றால் கலவை பிழை.

கொழும்புக்கு ஆண்டில் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அது கொட்டும். தை, மாசியில் வானம் வெளுத்துக் கிடக்கும். வெப்பமோ ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே ஜப்பானிய நூல்கள் சொல்லும் வசந்த நடவு, குளிர்கால உறக்கம் முதலியவை இங்கே பொருந்தா. மழைக்கு வடியும் மண் வைத்தால் தை, மாசியில் காலையும் மாலையும் நீர் வார்க்க வேண்டும். நேரம் பார்த்து வார்ப்பதைவிட ஒரு குச்சியை மண்ணில் செருகி வைத்து, உருவிப் பார்த்து, அடிப்பகுதி காயத் தொடங்கும்போது வார்ப்பது நல்லது. நாள்தோறும் ஒரு தடவையாவது மரத்தின் முன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பூசைக்கு இருக்கும் நித்தியம் என்ற இயல்பு இதற்கும் உண்டு. நேற்று இரட்டிப்பாக வார்த்தது இன்றைக்கு உதவாது.

சாடிக்குக் கீழே நீர் தேங்கும் தட்டு வைக்கலாகாது. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அதற்கு இடங்கொடுத்தவர்மீது வழக்கும் வரலாம். ஓருயிரைப் பேணுவதாகச் சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவழைப்பதை எந்தச் சமயமும் தர்மத்தில் சேர்க்காது. தட்டு வேண்டியே இருந்தால் மணல் நிரப்பி வைக்கலாம்.

மரத்தை எங்கே வைப்பது என்பது முழுவதும் வெளிச்சத்தைப் பொறுத்தது. வரவேற்பறை மேசை மரத்துக்கு இருட்டறைதான். மேற்குப் பார்த்த பல்கனியில் பிற்பகல் வெயிலும் உப்புக்காற்றும் ஒன்றாகத் தாக்கும், இலையோரம் கருகும். அங்கே வைப்பவர் ஓரிரு நாளுக்கொரு தடவை நல்ல நீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். பசளை விடயத்தில் கஞ்சத்தனமே நல்லது. ஊறவைத்துத் தெளியவிட்ட புண்ணாக்கு நீர் மாதமொரு தடவை, மிகவும் நீர்த்ததாக.

வெட்டுக்கு வருவோம். இரண்டு ஆண்டுக்கொரு தடவை மரத்தைச் சாடியிலிருந்து எடுத்துச் சுற்றிச் சுருண்ட வேரில் மூன்றிலொரு பங்குவரை நறுக்கி, புதுக்கலவையில் வைக்க வேண்டும். இதைக் கொடுமையென்று தவிர்ப்பவர்களும் உண்டு. தவிர்த்தால் வேர் தன்னைத் தானே சுற்றி நெரித்து, நீர் புகாத கட்டியாகி, மரம் மெல்லச் சாகும். சாடியில் வைத்த பிறகு வேர் நறுக்குவது மரத்துக்குச் செய்யும் வைத்தியம். மேலே கிளை நறுக்குவதிலும் ஒரு பகுதி அப்படிப்பட்டதே. உள்ளே வெளிச்சம் புகாமல் அடைக்கும் கிளை, குறுக்கே உராயும் கிளை, அழுகல் இவற்றை எடுப்பது போதிமர உரைகாரர் அனுமதித்த வகை. அழகுக்காக மட்டும் கம்பி சுற்றிக் கிளையை வளைப்பது அதிலிருந்து வேறானது. அதை மறைக்கத் தேவையில்லை. அங்கே மனிதனின் விருப்பம்தான் பேசுகிறது. அந்த விருப்பத்துக்கு மரம் ஈடு கொடுக்கும் அளவு எது என்பதைப் பார்ப்பதே அறம். இங்கே கிளை வேகமாகப் பருக்கும். மாதக்கணக்கில் விட்ட கம்பி பட்டைக்குள் புதைந்து வடுவாகும். வாரமொரு முறை பார்த்து, இறுகத் தொடங்கியதும் வெட்டியெடுக்க வேண்டும். உருவி எடுக்க முயன்றால் கிளை ஒடியும். நட்டு வேர் பிடிக்காத மரத்தையும் இலை உதிர்ந்து நோயுற்ற மரத்தையும் வளைக்கவே கூடாது.

எந்த மரத்தோடு தொடங்குவது? நாற்றுமேடைகளில் பைக்கஸ் என்று விற்கும் சிற்றிலை இத்தியே தொடக்கக்காரருக்கு ஏற்றது. பிழைகளைப் பொறுக்கும், வெட்டிய இடத்தில் விரைவில் துளிர்க்கும், விழுது விடும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பெரும் புல்வெளியைக் கவிந்து நிற்கும் ஜாவா அத்தியும் இந்தக் குடும்பந்தான். சாடியில் இருப்பது எத்தகைய உயிர் என்பதை அறிய ஒரு முறை அதன் கீழ் நின்று பார்க்கலாம். அரசு கடினமானது. இலை பெரிது, காம்பு நீளம், சாடிக்கு ஏற்றபடி சிறுப்பது குறைவு. சுவரிலிருந்து எடுத்த கன்றென்றால் அழகிய போன்சாயாக்கும் ஆசையை ஒதுக்கிவைத்து, உயிரோடு காப்பதையே முதல் நோக்கமாகக் கொள்வது நேர்மை.

வீட்டில் போன்சாய் இருந்தால் குடும்பத்தின் வளர்ச்சி குன்றும் என்று வாஸ்து பார்ப்போர் சொல்வதுண்டு. மரம் குன்றினால் மனிதரும் குன்றுவர் என்ற ஒப்புமைக்கு அப்பால் அதற்கு ஆதாரமில்லை. நன்றாகப் பேணப்படும் சாடி மரம் குன்றிய மரமன்று. ஆண்டுதோறும் துளிர்த்து, இத்தி வகையானால் காய்த்தும் நிற்கும். வீட்டருகே அரசு வேண்டாம் என்ற பழைய விலக்குக்கோ வேர் அத்திவாரத்தை உடைக்கும் என்ற வலுவான காரணம் இருக்கிறது.

கடைசியாக ஒரு பொறுப்பு, அதிகம் பேசப்படாதது. நன்றாக வளர்த்த போன்சாய் வளர்த்தவரைவிட நெடுநாள் வாழும். 1625 முதல் பேணப்பட்ட ஜப்பானிய வெண்பைன் ஒன்று 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சைத் தாங்கி நின்றது. அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த யமாகி குடும்பம் 1976இல் அமெரிக்காவுக்குக் கொடையாகத் தந்தது. இன்று வாஷிங்டனில் நிற்கிறது. வெள்ளவத்தையோ போவோர் வருவோரின் ஊர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கும் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இந்தத் தெருக்களிலிருந்து புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். தாவரத் தடைகாப்புச் சட்டங்களால் மண்ணோடு கூடிய மரத்தைப் பயணப்பெட்டியில் கொண்டுபோக முடியாது. பூட்டிய வீட்டின் பல்கனியில் சாடி மரம் மாசி வெயிலில் ஒரு வாரம் தாங்காது. ஆகவே மரத்தை எடுக்கும்போதே, தான் இல்லாத நாளில் யார் நீர் வார்ப்பார் என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

கைமாற்ற ஆளில்லையென்றால் நிலத்துக்குத் திருப்பிக் கொடுப்பது முறை. மரத்தின் இயல்பு மாறவில்லை என்பதால் அது எப்போதும் முடியும். அரசுக்குக் கட்டடம், கிணறு, மலக்குழி எதற்கும் அருகில்லாத திறந்த நிலம் வேண்டும். கோயில் வளவிலோ விகாரை வளவிலோ பொறுப்பானவர்களின் சம்மதத்தோடு நடலாம். ஐப்பசி மழை தொடங்கும் காலம் நல்லது. சாடியிலிருந்து எடுத்து வேர்க்கட்டியை அப்படியே புதைத்தால் வேர் பழைய வட்டத்திலேயே சுற்றும். சுருளைக் கையால் பிரித்து, பிரியாததை நறுக்கி, நான்கு பக்கமும் விரித்துப் பரப்பி, அந்த நிலத்து மண்ணாலேயே மூட வேண்டும். முதல் இரண்டு கோடையில் மட்டும் நீர் வார்த்தால் போதும்.